நம்மவர் கையிலிருந்த துப்பாக்கி



துப்பாக்கிகளைப் பற்றிப் பேசுவதற்கு ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் ஒருவனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். என் வாழ்நாளில் நான் ஏந்திய ஆயுதம் பிரம்பு ஒன்றே. அதையும் பிற்காலத்தில் கீழே வைத்துவிட்டேன். எனினும், வரலாற்றுப் பாடத்தில் துப்பாக்கியைப் பற்றி நான் பல்லாண்டுகள் மாணவர்களுக்குத் தவறாகக் கற்பித்திருக்கிறேன். அத்தவற்றைத் தெரிந்து கொண்டவன் என்ற தகுதியில்தான் இன்று பேசுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் விழுப்புரத்தில் என் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, என் பேரன் தன் கணிப்பொறியில் ஒரு சோவியத் திரைப்படத்தைப் போட்டுக் காட்டினான். 'வா, வந்து பார்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். எலெம் கிளிமோவ் என்பவர் இயக்கி 1985-ஆம் ஆண்டில் வெளிவந்த படம். இரண்டாம் உலகப் போரில், ஜெர்மானியர் கையில் சிக்கியிருந்த பெலாரஸ் நாட்டில், காடுகளில் ஒளிந்திருந்து போரிட்ட மக்கள் படையினரைப் பற்றியது. படத்தின் எழுத்தில் பங்குகொண்ட அலேஸ் அதமோவிச், சிறுவனாக இருந்த காலத்தில் தாமே அத்தகைய படையில் இருந்தவர்.

படம் தொடங்கும்போது இரண்டு சிறுவர்கள் பழைய போர்க்களம் ஒன்றின் மணலைக் கையால் தோண்டிக் கொண்டிருக்கிறார்கள். தோண்டாதீர்கள் என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் எச்சரிக்கிறார். அவர்கள் கேட்பதாயில்லை. அவர்களுக்கு வேண்டியது துப்பாக்கி. துப்பாக்கி இல்லாதவனைக் காட்டுப் படையில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஃபிளியோரா என்ற சிறுவனுக்கு இறுதியில் மணலுக்கடியிலிருந்து ஒன்று அகப்படுகிறது. அவன் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சியைப் பார்த்தால் நமக்கு அச்சமாக இருக்கிறது. அது டோக்கரெவ் என்பவர் வடிவமைத்த துப்பாக்கி; 1940-ஆம் ஆண்டில் சோவியத் படை ஏற்றுக்கொண்டது; பத்துத் தோட்டாக்கள் கொள்ளும்; ஒவ்வொரு முறை விசையை இழுத்த பின்னரும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். பின்னர்க் காட்டுக்குள் படையினர் எல்லாரும் கூடிப் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் காட்சி வருகிறது. அரசுப் படையாக இருந்தால் எல்லார் தோளிலும் ஒரே வகைத் துப்பாக்கி இருக்கும். மக்கள் படையில் அவ்வாறு இராது. புதைந்து கிடந்தது, பகைவனிடம் பறித்தது, பாட்டன் காலத்தது என்று ஆளுக்கொன்றாக இருக்கும்.

படம் முழுவதும் ஃபிளியோரா அத்துப்பாக்கியைச் சுமந்து திரிகிறான். படத்தின் முடிவில்தான் அதை முதன்முறையாகச் சுடுகிறான். அதுவும் ஆளை நோக்கியன்று, சேற்று நீரில் கிடக்கும் ஹிட்லரின் படத்தை நோக்கி. அதற்குள் அவன் முகம் கிழவன் முகமாகிவிட்டது. மக்களோடு சேர்த்து எரிக்கப்பட்ட பெலாரஸ் கிராமங்கள் 628 என்று படம் முடியும்போது எழுத்தில் காட்டுகிறார்கள். என் பேரன் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டான்: "தாத்தா, நம்ம ஊர் சுதந்திரப் போர்ப் படத்திலே மட்டும் ஏன் நம்ம ஆளுங்க கையிலே துப்பாக்கியே இல்லே?"

இதே கேள்வியை வேறு சொற்களில் முன்னரே ஒருவன் என்னிடம் கேட்டிருக்கிறான். அதைச் சொல்லாமல் மேலே போவது முறையன்று.

1994 என்று நினைவு. திண்டிவனத்தை அடுத்த ஓர் ஊரில் எட்டாம் வகுப்புக்கு வரலாறு நடத்திக் கொண்டிருந்தேன். பாளையக்காரர் போர் பாடம். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தை நான் சிறுவயதில் டூரிங் கொட்டகையின் மணல் தரையில் அமர்ந்து பார்த்திருக்கிறேன். விழுப்புரத்தில் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாட்களில் மறுமுறையும் பார்த்தேன். பந்துலு அவர்கள் இயக்கி 1959-இல் வெளிவந்த படம். போர்க் காட்சிகளை ஜெய்ப்பூர் வரை சென்று எடுத்தார்கள். அதில் கட்டபொம்மனாக நடித்த சிவாஜி கணேசன் 1928-இல் பிறந்தது எங்கள் விழுப்புரத்தில்தான் என்பதில் இவ்வூர்க்காரர்களுக்கு இன்றும் ஒரு பெருமை உண்டு. 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் என்ற பரிசும் அவருக்குக் கிடைத்தது. பள்ளி ஆண்டு விழா என்றால் அப்படத்தின் வசனத்தை முழங்காத மாணவன் இல்லை. நடுவராக அமர்ந்து, யார் குரல் கூரையைப் பெயர்த்ததோ அவனுக்கே நானும் பரிசு கொடுத்திருக்கிறேன்.

அப்படத்திலிருந்து என் மனத்தில் நின்றவை வாளும் வேலும். எதிரில் வெள்ளையர், அவர்கள் கையில் துப்பாக்கியும் பீரங்கியும். ஆகவே வகுப்பில் நான், "இது வாளுக்கும் துப்பாக்கிக்கும் நடந்த போர், வீரம் நம் பக்கம், விஞ்ஞானம் அவர்கள் பக்கம்" என்று சொன்னேன். ஆண்டுதோறும் சொல்லி வந்த வாக்கியந்தான். சொல்வதற்கு நன்றாக இருக்கும். அன்று பின் வரிசையில் அமர்ந்திருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். நரிக்குறவர் குடியிருப்பிலிருந்து வருகிறவன்.

"சார், கட்டபொம்மன் ஊர்ல கொல்லனே இல்லையா?"

எதற்குக் கேட்கிறாய் என்றேன்.

"எங்க தாத்தாவோட துப்பாக்கி கொல்லன் அடிச்சதுதான் சார். வெள்ளைக்காரன் அடிச்சது இல்ல."

நான் என்ன விடை சொன்னேன் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. "உன் தாத்தா குருவி சுடுகிற துப்பாக்கியை வைத்துக்கொண்டு கும்பினிக்காரனை எதிர்க்க முடியுமா? உட்கார்" என்றேன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் அவ்வாண்டின் இறுதித் தேர்வுக்கு வரவில்லை. காரணம் இதுதான் என்று சொல்ல மாட்டேன். ஊர் ஊராகப் பிழைப்புக்குச் செல்லும் குடும்பம் அவர்களுடையது. இது காரணமே அன்று என்று சொல்லவும் எனக்குத் துணிவில்லை.

அவன் கேட்டது மிகச் சரியான கேள்வி. ஓய்வுபெற்ற பிறகு படிக்க நேரம் கிடைத்தபோதுதான் அது எனக்கு விளங்கிற்று.

முதலில் அத்துப்பாக்கி எப்படிப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பழைய நாளில் நம் நாட்டில் வழங்கியது திரித் துப்பாக்கி. நீண்ட இரும்புக் குழல். அதன் வாய் வழியே மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, சக்கையை வைத்துக் கோலால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். குழலின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு துளை. துளைக்கு வெளியே ஒரு சிறு கிண்ணம். அதிலும் சிட்டிகை மருந்து. வெடியுப்பில் ஊறவைத்த நூல் திரி ஒன்று கனன்று கொண்டே இருக்கும். விசையை அழுத்தினால் திரியைப் பிடித்திருக்கும் கொக்கி கிண்ணத்தில் சாயும், தீ துளை வழியாக உள்ளே பாயும், குண்டு புறப்படும். இதைச் செய்வதற்குச் சீமைக்குப் போக வேண்டியதில்லை. கைதேர்ந்த கொல்லன் போதும். மருந்துக்கு வேண்டிய கரியை நாமே சுட்டுக்கொள்ளலாம். வெடியுப்பை மண்ணிலிருந்து காய்ச்சி எடுப்பதையே தொழிலாகக் கொண்ட உப்பிலியர் என்ற சமூகத்தார் நம்மிடையே இருந்தார்கள். கந்தகம் ஒன்றுதான் வெளியிலிருந்து வரவேண்டும்.

சொற்களும் இதற்குச் சான்று கூறும். பீரங்கி என்ற சொல் பறங்கியரின் பெயரோடு தொடர்புடையது. துப்பாக்கி துருக்கியச் சொல்லின் வழி வந்தது. ஆனால் சுடுவதற்குத் தட்டும் உறுப்புக்கு நம் மக்கள் இட்ட பெயர் குதிரை. வெளியிலிருந்து வந்த பொருளாயினும், புழங்கப் புழங்க அதன் உறுப்புக்கு நாட்டுப் பெயர் வந்துவிட்டது.

கும்பினிப் படையிடம் இருந்தது கல் துப்பாக்கி. அதில் திரி இல்லை. சக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசிப் பொறி எழுப்பும். ஏறக்குறைய நாலரைக் கிலோ எடை. நூறு கஜத்துக்கு அப்பால் குறி பார்த்துப் பயனில்லை. இந்தத் தூரக் கணக்கைப் பார்த்தால் திரித் துப்பாக்கிக்கு அஞ்ச வேண்டியதில்லை. வேறுபாடு வேறிடத்தில் இருந்தது. பயிற்சி பெற்ற சிப்பாய் அதை நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவான். மழைக்கும் காற்றுக்கும் திரி அணைவது போன்ற தொல்லை குறைவு. திரியின் கனல் இருளில் காட்டிக் கொடுப்பதும் இல்லை. ஒளிந்து தாக்குகிறவனுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றியும் அதன் முனையில் சனியனைச் செருகினால் அதுவே ஈட்டியாகிவிடும். பல நூறு பேர் வரிசையாக நின்று ஒரே சொல்லுக்குச் சுடவும், சுட்டபின் சனியனோடு பாயவும் பழகியிருந்தார்கள். 1746-இல் அடையாற்றங்கரையில் நவாபின் மகன் மாபூஸ் கானுடைய படை பத்தாயிரம் பேர் கொண்டது என்பர். ஆற்றைக் கடந்து வந்து அதைச் சிதறடித்த பிரெஞ்சுப் படை ஆயிரத்தைத் தாண்டாது. நவாபின் படையிலும் துப்பாக்கிகளும் பீரங்கிகளும் இருந்தன. அங்கே வென்றது பழக்கம்.

அப்பழக்கம் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பதுதான் நம் திரைப்படங்களில் மறைந்து போகும் செய்தி. அடையாற்றை நடந்து கடந்த அப்பிரெஞ்சுப் படையில் பெரும்பகுதியினர் புதுச்சேரியில் பயிற்சி பெற்ற இந்தியச் சிப்பாய்கள். 1748-இல் கடலூர்த் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டைக்கு வந்து சேர்ந்த ஸ்டிரிஞ்சர் லாரன்சு ஆங்கிலேயர் பக்கத்தில் அதே வேலையைத் தொடங்கினார். எங்கள் பழைய தென்னார்க்காட்டுக் கடற்கரையில் அமைந்த இவ்விரண்டு ஊர்களிலும், இரு வேறு கொடிகளின் கீழ், நம் நாட்டு இளைஞர்கள் கல் துப்பாக்கியைத் தோளில் சாய்க்கக் கற்றுக்கொண்டார்கள். ஆக, வெள்ளையன் கையில் துப்பாக்கி என்று நான் சொல்லிக்கொடுத்ததில் பாதி பொய். துப்பாக்கி வெள்ளையனுடையது; அதைப் பிடித்த கை பெரும்பாலும் நம்முடையது.

இராமநாதபுரத்தில் பிறந்த யூசுப் கானை எண்ணிப் பாருங்கள். 1758-ஆம் ஆண்டின் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது, இந்தச் சிப்பாய்த் தலைவர் கோட்டைக்கு வெளியே செங்கற்பட்டுப் பக்கத்தில் இருந்துகொண்டு, லாலியின் படைக்குச் செல்லும் உணவையும் மாடுகளையும் வழிமறித்தார். நேருக்கு நேர் நிற்பதில்லை, தாக்கிவிட்டு மறைவார், மீண்டும் வேறிடத்தில் தோன்றுவார். புதுச்சேரியிலிருந்து சென்னைக்குச் செல்லும் வழி எங்கள் திண்டிவனத்துப் பக்கம். பெலாரஸ் காட்டில் நடந்த அதே வகைப் போர் இந்த வழியிலும் நடந்திருக்கிறது. அன்று நடத்தியவர் கும்பினியின் ஆள். பின்னர் அவரே கும்பினியை எதிர்த்து, 1764-இல் மதுரையில் தூக்கிலிடப்பட்டார்.

திண்டிவனத்திலிருந்து மேற்கே சென்றால் செஞ்சி. அங்கே வேறொரு வகை மறதியைக் காணலாம். 1714-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்ட தேசிங்கு ராசனின் கதையை எங்கள் பக்கத்துத் தெருப்பாடகர்கள் விடிய விடியப் பாடுவார்கள். 1960-இல் எம்.ஜி.ஆர். நடித்து 'ராஜா தேசிங்கு' என்ற படமும் வந்தது. பாட்டின்படி ராசா பகைவன் கையால் சாக விரும்பாமல், தம் வாளை வானில் எறிந்து அதைத் தம் மார்பிலேயே ஏந்திக்கொள்கிறார். வரலாற்றாசிரியர்களோ அவர் துப்பாக்கிக் குண்டு பட்டு வீழ்ந்தார் என்பர். பாட்டுக் கட்டியவனை நான் குறை சொல்ல மாட்டேன். இருபத்திரண்டு வயது இளைஞன், குதிரை மேல் வந்தவன், எங்கோ நின்ற பெயர் தெரியாத ஒருவன் விசையை அழுத்தியதால் மாண்டான் என்று எந்த வாயால் பாடுவது? அதே செஞ்சிக் கோட்டையை 1750-இல் புஸ்ஸி என்ற பிரெஞ்சுத் தளபதி ஓர் இரவில் வாயிற்கதவை வெடிமருந்தால் தகர்த்துப் பிடித்தார். 2025-இல் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியர் கோட்டைகளோடு செஞ்சியையும் உலக மரபுச் சின்னமாக அறிவித்த பிறகு, அங்கே கூட்டம் கூடியிருக்கிறது. வருகிறவர்கள் ராசாவின் குதிரையைப் பற்றிக் கேட்கிறார்கள்.

இனி, தெற்கே பாஞ்சாலங்குறிச்சிக்குச் செல்வோம். என் மாணவனின் கேள்வி அவ்வூரைப் பற்றியதல்லவா?

1799 அக்டோபர் 16-ஆம் நாள் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட மேஜர் பானர்மேன், சில நாட்களுக்குள்ளாகவே பாளையக்காரர் அனைவருக்கும் ஓர் அறிவிப்பு விடுத்தார். கோட்டைகளை இடிக்க வேண்டும்; ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும்; மீறி ஆயுதம் தாங்குவோருக்கு மரண தண்டனை. எவ்வெவ் ஆயுதங்கள் என்பதையும் அறிவிப்பு விரித்துச் சொல்கிறது. ஈட்டியும் வேலும் அதில் உண்டு. அவற்றோடு கல் துப்பாக்கி, திரித் துப்பாக்கி, சுவர் மேல் வைத்துச் சுடும் ஜிஞ்சால் என்ற பெருந்துப்பாக்கி ஆகியனவும் உண்டு. இல்லாத பொருளை ஒப்படைக்கச் சொல்லி யாரும் ஆணையிடுவதில்லை. இந்த ஓர் அறிவிப்பை நான் முன்னரே படித்திருந்தால், என் அழகிய வாக்கியத்தை வகுப்பில் சொல்லியிருக்க மாட்டேன்.

கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் மற்றவர்களும் பாளையங்கோட்டைச் சிறையில் இருந்தார்கள். 1801 பிப்ரவரி 2-ஆம் நாள், மாறுவேடத்தில் வந்த அவர்களுடைய ஆட்கள் காவலர்களை மடக்க, அவர்கள் தப்பினார்கள். விறகுக் கட்டுகளுக்குள் ஆயுதத்தை மறைத்துக் கொண்டு வந்ததாகச் சொல்வார்கள். சில நாட்களுக்குப் பின் கும்பினிப் படை சென்று பார்த்தபோது, தரைமட்டமாக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மீண்டும் எழுந்து நின்றது. தூத்துக்குடியும் அவர்கள் கைக்கு வந்தது. ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கும்பினி அதிகாரி அப்போரில் நேரில் இருந்தவர். தம் நினைவுகளை 1830-இல் நூலாக வெளியிட்டார். மண்ணால் எழுப்பிய அச்சுவரில் குண்டுகள் புதைந்தனவேயன்றிச் சுவர் இடிந்து விழவில்லை என்பதையும், மார்ச் 31-ஆம் நாள் நடத்திய தாக்குதல் படுதோல்வியில் முடிந்ததையும் அவர் ஒளிக்காமல் எழுதுகிறார். உடைப்பின் உட்புறம் நின்றவர்கள் பதினெட்டு இருபது அடி நீளமுள்ள ஈட்டிகளால் ஏறி வந்தவர்களைக் குத்தித் தள்ளினார்கள், பக்கத்திலிருந்தவர்கள் சுட்டார்கள். ஈட்டியும் துப்பாக்கியும் ஒன்றுக்கொன்று துணையாக நின்ற போர் அது. கோட்டை விழுவதற்கு மே 24 வரை ஆயிற்று.

ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லிப் பதினாறு மாதமாகியும் அத்தனை பேருக்கு ஆயுதம் எங்கிருந்து வந்தது? காவலரிடம் பறித்தவை ஒரு பகுதி. எஞ்சியவை ஒப்படைக்கப்படாமல் எங்கோ வைக்கோற்போரிலோ மண்ணுக்கடியிலோ இருந்திருக்க வேண்டும் என்பது என் துணிபு. ஃபிளியோரா மணலைத் தோண்டிய காட்சியைப் பார்த்தபோது எனக்குப் பாஞ்சாலங்குறிச்சியின் செம்மண்தான் கண்முன் வந்தது.

அதே ஆண்டு ஜூன் 16-இல் சின்ன மருது வெளியிட்ட அறிவிப்பு திருச்சிராப்பள்ளிக் கோட்டைச் சுவரில் ஒட்டப்பட்டது. நாட்டு மக்களை அழைத்ததோடு, ஐரோப்பியரிடம் ஊழியம் செய்யும் சுபேதார், ஜமேதார், அவில்தார், நாயக், சிப்பாய் ஆகிய ஆயுதம் தரித்தவர்களையும் அது அழைத்தது. துப்பாக்கி எவர் கையில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அச்சிப்பாய்கள் அன்று வரவில்லை. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1806 ஜூலை 10-ஆம் நாள், வேலூர்க் கோட்டையில் அத்துப்பாக்கிகள் ஒரு பகல் திரும்பின. அதற்குள் மருது சகோதரர்களும் ஊமைத்துரையும் தூக்கிலிடப்பட்டு ஏறக்குறைய ஐந்தாண்டுகள் ஆகிவிட்டன. வளரி எறிவதற்குத் தமக்குக் கற்றுக் கொடுத்தவர் சின்ன மருது என்று வெல்ஷ் எழுதியிருப்பதை இவ்விடத்தில் படிக்கும்போது புத்தகத்தை மூடி வைக்கத் தோன்றும்.

1801 டிசம்பர் 1-ஆம் நாள் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம் தென்னாட்டுப் பாளையங்களின் ஆயுத உரிமையை முற்றிலும் முடித்தது. கோட்டைகள் இடிக்கப்பட்டன. 1878-இல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் இந்தியா முழுவதிலும் துப்பாக்கியை உரிமச் சீட்டுக்குள் அடக்கிற்று. ஆட்சிக்கு உதவியவர்கள் சிலருக்கு மட்டும் விலக்கு. குடகு நாட்டாருக்குக் கிடைத்த விலக்கு இன்றும் நீடிக்கிறது. ஆண்டுக்கொரு முறை அவர்கள் வீட்டுத் துப்பாக்கிக்குப் பூச்சூட்டி வழிபடுகிறார்கள். குடகுச் சிறுவன் ஒருவனிடம், உன் முன்னோர் வாளை மட்டும் வைத்துக்கொண்டு போரிட்டார்கள் என்று எந்த ஆசிரியரும் சொல்லி நிற்க முடியாது. வீட்டுச் சுவரில் தொங்குவதைக் கை நீட்டிக் காட்டிவிடுவான். நம் பக்கத்தில் காட்டுவதற்குச் சுவரில் ஒன்றும் இல்லாமற் போயிற்று. கட்டபொம்மன் இறந்து 160 ஆண்டுகள் கழித்துப் படம் எடுக்க வந்தவர்கள், கைக்குக் கிடைத்த வாளையும் வேலையும் கொடுத்து வீரர்களை நிறுத்தினார்கள். சோவியத் நாட்டு இயக்குநருக்கு இந்தத் தொல்லை இல்லை. நாற்பதாண்டுக்கு முற்பட்ட போரின் துப்பாக்கிகள் அவருக்குக் கிடைத்தன. அவற்றை ஏந்தியவர்களும் உயிரோடு இருந்தார்கள்.

திரித் துப்பாக்கியை நேரில் காண விரும்பும் ஆசிரியர்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு மாணவர்களை அழைத்துச் செல்லலாம். தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்த பொருள்கள் அங்கே இருக்கின்றன. நான் சென்றபோது பக்கத்தில் நின்ற ஒரு தந்தை தம் மகனுக்கு, "இதெல்லாம் வெள்ளைக்காரன் துப்பாக்கி" என்று விளக்கிக் கொண்டிருந்தார். குறுக்கிட்டுத் திருத்தினேன். ஓய்வுபெற்றாலும் இந்தப் பழக்கம் போவதில்லை.

ஆனால் திருத்தப்பட வேண்டிய ஒருவனிடம் நான் போகாமலே இருந்தேன். இரண்டாண்டுகளுக்கு முன் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் பாசிமணி விற்றுக் கொண்டிருந்தவர் ஒருவர், "சார்" என்று கூப்பிட்டார். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. ஆயினும் கண்களைப் பார்த்ததும் தெரிந்து கொண்டேன். அவர் கையைப் பற்றி, அன்று நீ கேட்டது சரி, நான் சொன்னது தவறு என்றேன்.

"என்ன சார் கேட்டேன்?" என்றார்.

அக்கேள்வி அவருக்கு நினைவில் இல்லை. நான் 'உட்கார்' என்றதும், வகுப்பு சிரித்ததும் நினைவில் இருந்தன. பாஞ்சாலங்குறிச்சியைப் பற்றிச் சொன்னேன், பொறுமையாகக் கேட்டார். தாத்தாவின் துப்பாக்கி என்னவாயிற்று என்று விசாரித்தேன். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு அதற்கு வேலை குறைந்துவிட்டதாம். உரிமம் மட்டும் புதுப்பித்து வந்தார்களாம். தேர்தல் வரும்போதெல்லாம் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டுத் தேர்தல் முடிந்ததும் வாங்கி வருவது வழக்கம். அவருடைய தந்தை இறந்த ஆண்டு ஒரு தேர்தல் வந்தது. ஒப்படைத்தார்கள். திரும்ப வாங்க யாரும் போகவில்லை.

"ரசீது வீட்டுல இருக்குது சார்" என்றார். பேருந்து வந்துவிட்டது. அவர் மணிகளை எடுத்துக்கொண்டு அதன் சன்னல் பக்கம் சென்றார்.